பாறைக் காசித்தும்பை: புதிய இனத்துக்கு நிலைக்கும் பெயர் வைப்பது எப்படி

மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், நீர் கசியும் பாறைகளிலும் பாசி மூடிய மரங்களிலும் தண்டே இல்லாத காசித்தும்பைகள் தலைகாட்டும். அடியில் சிறு கிழங்கு, இரண்டு மூன்று இலை, நடுவிலிருந்து எழும் பூந்தண்டு, அவ்வளவுதான். மழை ஓய்ந்து பாறை காய்ந்தால் இலை மடிந்துவிடும். கிழங்கு மட்டும் பாசிக்குள் கிடக்கும். இந்தக் கூட்டத்தில் ஒன்று புதிய இனம்போலத் தெரிந்தால், அதற்கு முறைப்படி பெயர் வைத்து அச்சேற்ற எங்களுக்குக் குறைந்தது இரண்டு மழைக்காலம் பிடிக்கிறது. பூ ஒரு மாதம், காய் இன்னொரு மாதம், எண்ணிக்கைக்கு மறு ஆண்டு.

சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி அக்டோபரில் கைக்கு வந்தால் பாறையில் செடி இருக்காது.

பாறைக்குப் போனதும் பறிக்கக் கூடாது. முதலில் எண்ண வேண்டும். பூத்தவை, பூக்கும் அளவுக்கு வளர்ந்தவை, ஓரிலை நாற்றுகள் என்று மூன்று கணக்கு. அழிவு நிலையை மதிப்பிடும்போது முதிர்ந்த செடிகள் மட்டுமே கணக்கில் சேரும். நாற்றையும் கூட்டி எழுதிய எண்ணைப் பின்னால் பிரிக்கவே முடியாது. எடுப்பதில் எங்கள் விதி இருபதுக்கு ஒன்று. மொத்தமே நாற்பது செடி என்றால் இரண்டு, அதற்குமேல் இல்லை. கிழங்கோடு எடுப்பது அந்தச் செடியைக் கொல்வதுதான். ஆகவே மற்ற செடிகளில் ஒரு பூ, பாதி இலை போதும்.

காசித்தும்பைப் பூவை அப்படியே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினால் இரண்டு நாளில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். எது புல்லிதழ், எது அல்லிதழ் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பாறையடியிலேயே ஒரு பூவைப் பிரித்துவிடுவோம். கருப்பு அட்டை, கூரான இடுக்கி, கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல். முதலில் பக்கவாட்டுப் புல்லிதழ்கள்: இரண்டா நான்கா என்று பார்க்க வேண்டும். உள்ஜோடி ஊசிமுனை அளவே இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அடுத்து கீழ்ப் புல்லிதழ், அதன் பின்னால் நீளும் வால். வாலின் நீளம், வளைவு, நுனி கூரா மழுங்கலா என்பதை உயிரோடிருக்கும்போதே அளக்க வேண்டும். பிறகு மேல் அல்லிதழ், இரண்டிரண்டாக ஒட்டிய பக்க அல்லிதழ்கள். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, அளவுகோலோடு படம். ஒரு பூவோடு நிறுத்தாமல் பத்து செடியிலாவது ஒவ்வொரு பூ அளக்க வேண்டும். ஒரே பாறையில் வாலின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியாமல், பக்கத்து இனத்தோடு ஒப்பிட்டுப் பேச முடியாது.

நாலைந்து பூக்களை 70 சதவீத ஆல்கஹால் குப்பியில் போட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்து, எந்தச் சேகரிப்பு எண்ணின் பூ என்று தெரியாத குப்பிகள் எத்தனையோ ஹெர்பேரியங்களில் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் இடங்களில்) கிடக்கின்றன. மரபணுச் சோதனைக்கு இளம் இலைத்துண்டு, அதன் எடையைப்போல் பத்து மடங்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினால் அன்று மாலையே மாற்ற வேண்டும். மழைமலையில் இது ஒவ்வொரு முறையும் நடக்கும்.

ஊர் திரும்பியபின் நீளமான வேலை ஒப்பீடு. கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூல் (1915–1936) இன்றும் நல்ல தொடக்கம், ஆனால் அதில் இனம் பொருந்தவில்லை என்பது புதிய இனம் என்பதற்குச் சான்று ஆகாது. கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் பழைய தாள்களைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர்கள் வைட், பெட்டோம் காலத்து டைப் தாள்கள் (ஒரு பெயருக்கு ஆதாரமான மூலச் செடித் தாள்கள்) பலவும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் கியூ தாவரவியல் தோட்டத்திலும் இருக்கின்றன. படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். காய்ந்த பூவைப் பார்க்க வேண்டுமானால், நிறுவனம் அனுமதித்தால், ஒரே ஒரு பூவை வெந்நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்போடு மிதக்கவிட்டு ஊசியால் பிரிக்கலாம். நூறாண்டுத் தாளிலிருந்தும் புல்லிதழ் விரியும். இதழ்களுக்கு வந்த கட்டுரைகள் ஏற்கப்படாமல் திரும்பிப் போவதற்கு நாங்கள் பார்த்த முதல் காரணம் இங்கேதான்: நெருங்கிய இனத்தின் டைப்பைப் பார்க்காமல், அதே பெயரில் வேறொருவர் போட்ட புகைப்படத்தோடு ஒப்பிட்டு எழுதுவது.

ஹோலோடைப், அதாவது புதிய பெயருக்கு ஆதாரமாக நீங்கள் குறிக்கும் ஒற்றை மாதிரி, அதன் விஷயத்தில் கவனம். அது ஒரே சேகரிப்பாக இருக்க வேண்டும்: ஒரே இடம், ஒரே நாள், ஒரே எண். ஆகஸ்டில் எடுத்த பூவையும் செப்டம்பரில் எடுத்த காயையும் ஒரே தாளில் ஒட்டி அதைத்தான் ஹோலோடைப் என்று எழுதினால் பெயர் செல்லாது. காய்க்குத் தனி எண் கொடுத்துப் பாராடைப் (கட்டுரையில் கூடவே சுட்டும் துணை மாதிரி) ஆக்குங்கள். தாள் எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் சொல்வது 1990 ஜனவரி 1 முதல் கட்டாயம். லத்தீனில் விவரிப்பு எழுதும் சிரமம் 2012 ஜனவரி 1-இல் தீர்ந்தது, ஆங்கிலம் போதும். அன்றிலிருந்தே ஐ.எஸ்.எஸ்.என். (இதழ்களுக்கான பன்னாட்டு எண்) அல்லது ஐ.எஸ்.பி.என். (நூல்களுக்கான பன்னாட்டு எண்) உள்ள இணைய வெளியீட்டில் வரும் பி.டி.எஃப். கோப்பும் வெளியீடாகச் செல்லும்.

பெயருக்கு லத்தீன் இலக்கணம் தேவை. காசித்தும்பைப் பேரினத்தின் பெயரான இம்பேஷன்ஸ் பெண்பால், பெயரின் இரண்டாம் சொல்லான அடைமொழியும் பெண்பாலாக வேண்டும். இந்தப் பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளதால், நினைத்த பெயரை ஐ.பி.என்.ஐ. (பன்னாட்டுத் தாவரப் பெயர்க் குறியீடு) இணையப் பட்டியலில் தேடாமல் வைக்காதீர்கள். ஆப்பிரிக்காவில் எப்போதோ வைத்த பெயராக இருந்தாலும் உங்களுடையது விழுந்துவிடும்.

அழிவு நிலைப் பத்திதான் பெரும்பாலும் அவசரமாக எழுதப்படுகிறது. ஒரே பாறை என்றால் வாழிடப் பரப்பு 2 × 2 கிலோமீட்டர் கட்டம் ஒன்று, அதாவது 4 சதுர கி.மீ. செடி கண்ட இடங்கள் மூன்று புள்ளிகூட இல்லாதபோது, அவற்றை இணைத்துப் பரவல் எல்லையை முக்கோணமாக வரைய வழியில்லை. அதையும் 4 என்றே வைக்க வேண்டும். வாழிடப் பரப்பு 10 சதுர கி.மீ.க்குக் குறைவு, ஒரே இடம், ஆகவே மிக ஆபத்தான நிலை என்று முடித்துவிட்டால், ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியலில் பரப்பை வைத்து மதிப்பிடும் பி விதி நிறைவேறாது. இடங்களின் எண்ணிக்கையோடு, தொடர் குறைவு அல்லது கடும் ஏற்றத்தாழ்வுக்கான சான்றும் வேண்டும். சாலை அகலப்படுத்தப் பாறையை வெடிப்பது, ஊற்றைக் குழாயில் திருப்புவது, பாதை வழியே மிதிபடுவது ஆகியவற்றை ஒரே இடத்தில் நின்று ஆண்டுதோறும் எடுத்த படங்களோடு காட்டுங்கள். குறைவுக்குச் சான்றில்லை என்றால், எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் டி விதி: முதிர்ந்தவை 50-க்குக் கீழ் என்றால் மிக ஆபத்து, 250-க்குக் கீழ் என்றால் ஆபத்து. பாறையில் முதல் நாள் பிரித்து எழுதிய அந்த மூன்று கணக்கு இங்கே கைகொடுக்கும்.

கட்டுரையில் ஜி.பி.எஸ். எண்களை முழுதாக அச்சிட வேண்டாம். மலைப்பெயரும் உயரமும் போதும். ஹெர்பேரியத்துக்கும் வனத்துறைக்கும் துல்லியமான இடத்தைத் தனியே கொடுத்துவிடுங்கள். நாற்பது கிழங்கு உள்ள பாறையைக் காலிசெய்யத் தோட்டப் பிரியர் ஒருவரே போதும்.