பில் போடும்போது கேட்கும் நம்பர்

தீபாவளி நெருங்கினால் லாரன்ஸ் ரோடு கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஒரு லட்சம் பேருக்கு மெசேஜ் போட எவ்வளவுண்ணே ஆகும்?" யாருக்குப் போடணும் என்று கேட்டால், "கடலூர் நம்பர் மொத்தமும் எக்ஸல் ஷீட்டில் விலைக்குக் கிடைக்குதாமே" என்பார்கள். அந்த ஷீட்டை நான் தொடுவதில்லை. அதனால் கைவிட்டுப் போன ஆர்டர்களும் உண்டு, பரவாயில்லை.

நான் நோட்டீஸ் அடித்து இந்த விளம்பரத் தொழிலுக்கு வந்தவன். விடியற்காலையில் பேப்பர் போடும் பையன்கள் கட்டைப் பிரித்து உள்ளே நோட்டீஸைச் செருகுவார்கள். வேண்டாம் என்றால் வீட்டில் அதில் வடை எண்ணெயை ஒற்றி எடுப்பார்கள், அவ்வளவுதான். போன் அப்படி இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறவர் கையிலும் அது அடிக்கும். எடுத்தால் பிளாட் விற்கிற குரல். அவருக்கு வரும் கோபம் நியாயமானது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் போட்ட விதிகளால்தான் இன்று கடையும், அனுப்பும் பெயரும், மெசேஜ் வாசகமும் டிஎல்டி என்ற டெலிகாம் கம்பெனிகளின் பதிவுத் தளத்தில் பதிவாக வேண்டும். 2025 திருத்தத்துக்குப் பிறகு மெசேஜ் அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து வருகிறது. 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' சேவை, 'டி' பரிவர்த்தனை, 'ஜி' அரசு. தொல்லை தந்தால் 7 நாளுக்குள் 1909 என்ற நம்பரில் புகார் கொடுக்கலாம். முன்பு 3 நாள்தான். அனுப்பியவர் டிஎல்டியில் பதியாதவர் என்றால், விளம்பரமே வேண்டாம் என்று முன்பே பதிந்து வைக்காதவரும் புகார் கொடுக்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியவே இல்லை, தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். கடைகள் மொத்தமாக மெசேஜ் அனுப்பும் பிசினஸ் ஏபிஐ என்ற வழியில், முன்பே ஒப்புதல் வாங்கிய விளம்பர வாசகத்துக்கு (டெம்ப்ளேட்) 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் காசு. வாங்கியவர்கள் பிளாக் செய்யச் செய்ய உங்கள் நம்பரின் தரம் இறங்கும்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே ஒரு நீள நோட்டு. பெயர், நம்பர், இரண்டு கண்ணின் பவர், வாங்கிய தேதி, கடைசிக் கட்டத்தில் 'மெசேஜ் அனுப்பலாம்' என்று வாடிக்கையாளரே போட்ட கையெழுத்து. கையெழுத்து இல்லாத வரிகளும் இருக்கின்றன, அவர்களுக்கு எதுவும் போகாது. வருஷம் முடிந்ததும் ஒரே மெசேஜ்: "கண்ணாடி மாற்றி ஒரு வருஷம் ஆகிறது, பவர் பார்த்துக்கொள்ளுங்கள்." தள்ளுபடி, ஆஃபர் எதுவும் கிடையாது. "ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?" என்று பதில் வருகிறது. விலைக்கு வாங்கிய லட்சம் நம்பரில் இப்படி யார் பதில் எழுதப் போகிறார்கள்?

பில் போடும்போது "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, எதற்கென்று சொல்லாமலே வாங்கி வைக்கிற பழக்கத்தை இப்போதே விட வேண்டும். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கச் சொல்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது. அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அந்தத் தொகை நம் ஊர்க் கடைக்கு வராமல் போகலாம். ஆனால் நம்பரைக் கொடுத்தவர் நம்மை நம்பித்தானே கொடுத்தார்?

பில் புக் அடிக்க வருகிறவர்களுக்கு, "புதுச் சரக்கு வந்தால் தெரிவிக்கலாமா? ஆம் / வேண்டாம்" என்ற வரியை நானே கீழே சேர்த்துத் தருகிறேன். அதற்குத் தனிக் காசு கிடையாது.