வண்டி சீட்டுக்கு அடியில் ஒரு ரிப்போர்ட்

மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்களின் ஃபைலை மூடிவிடலாம். நானே போட்ட விதி இது. பெங்களூரில் ஒரு டிகிரி காலேஜில் மாணவர் ஆலோசகராகச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு அறை, ஒரு ஆள், வாசல் பெஞ்சில் எந்நேரமும் இரண்டு பேர். வராதவனுக்காக வந்தவளை ஏன் காக்க வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. அதில் முதலில் மாட்டியவன் பி.காம். இரண்டாம் வருஷப் பையன், ஸ்ரீராமபுரத்துத் தமிழ்க் குடும்பம். மூன்று அப்பாயின்ட்மென்ட், மூன்றுக்கும் ஆளைக் காணோம். மூடிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவனுடைய அம்மா வந்தார். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ், ஹால் டிக்கெட் கிடைக்காது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் மேஜைமேல் கிடந்த தமிழ் வார இதழைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"அவனுக்கு மூளையெல்லாம் இருக்கு மேடம், ஒக்காரத்தான் மாட்டேங்கிறான். ஒம்பதாவது படிக்கிறப்பவே நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில காட்டினோம். ஏ.டி.எச்.டி.ன்னாங்க, கவனம் ஒரு எடத்துல நிக்காதாம், எழுதுறதுலயும் பிரச்சினை இருக்குன்னாங்க. ரிப்போர்ட் குடுத்தாங்களே, உங்ககிட்ட காட்டலியா?"

காட்டவில்லை. அப்படி ஏதாவது ரிப்போர்ட் இருந்தால் எடுத்து வா என்று சொல்லத்தான் அவனை மூன்று முறை கூப்பிட்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நேரம் தவறுவதுதான் அவன் சிக்கல். நேரம் தவறினான் என்பதற்காகவே அவனை வெளியே அனுப்பியிருக்கிறேன். மாடியில் ஆபீஸ் வைத்துக்கொண்டு, நடக்க முடியாதவர்கள் மேலே வந்து மனு கொடுக்கலாம் என்று கீழே போர்டு மாட்டிய கதை.

இந்த விஷயத்தில் என் விதி சின்னது. சர்க்கார் விதிகள் இன்னும் நீளம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில், படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு என்ற பேச்சே இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு அதையும் சேர்த்தது. ஏ.டி.எச்.டி. அந்தப் பட்டியலில் இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருந்தால் அந்த வாசல் வழியாக நுழையலாம். நுழைவது என்றால் சும்மா இல்லை. அப்போது நடப்பிலிருந்த 2018 வழிகாட்டு விதிப்படி 8, 14, 18 வயதுகளில் சான்றிதழ். 18-இல் வாங்கியதுதான் ஆயுளுக்கும் செல்லும். ஆக, ஒன்பதாவது ரிப்போர்ட்டை வைத்து கல்லூரியில் ஒன்றும் நடக்காது. மறுபடி ஓ.பி. சீட்டு, மறுபடி சோதனை, மெடிக்கல் போர்டு, ஆன்லைனில் அடையாள அட்டைக்கு விண்ணப்பம், பிறகு பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு யூனிவர்சிட்டிக்கு ஒரு மனு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, ஜெராக்ஸ், போட்டோ. ஒரு வரிசையில் பத்து நிமிஷம் நிற்க முடியாதவனுக்கு நாம் கொடுக்கும் சலுகையின் நுழைவுத் தேர்வு இது.

சரி, பையனைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் கேன்டீனில் போய்ப் பிடித்தேன். ரிப்போர்ட் எங்கேடா என்றால் "கீழ இருக்கு மேடம்" என்றான். வீட்டில் கீழ் அலமாரியாக இருக்கும் என்று நினைத்தேன். பார்க்கிங்குக்குக் கூட்டிப் போய் ஆக்டிவா சீட்டைத் தூக்கினான். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் ஆறு பக்க ரிப்போர்ட், மடிப்புக் கலையாமல். "வண்டி பேப்பரோட வெச்சாத்தான் தொலையாது மேடம். போலீஸ் பிடிச்சாத் தேவைன்னு இந்த ஒரு கவரை மட்டும் மறக்க மாட்டேன்." ஐந்து வருஷமாக அவன் தொலைக்காத ஒரே காகிதம். பொறுப்பில்லாதவன் என்று ஷார்ட்டேஜ் லிஸ்டுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அதன்பிறகு, பூர்த்தி செய்து கொண்டுவா என்று எந்தப் படிவத்தையும் யாரிடமும் கொடுப்பதில்லை. என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து அவன் எழுதுவான், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். உதவி எதுவும் செய்வதில்லை. எதிரில் ஒரு ஆள் இருந்தாலே பாதி வேலை நடந்துவிடுகிறது. போன வாரமெல்லாம் நகராத காகிதம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அல்சூரில் இருந்து வந்த ஒரு பெண்ணின் கதை வேறு. அவளுக்கு நேரம் தவறாது, எழுத்துதான் எதிரி. இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இந்த ஊர்தான். கன்னட மிஸ் "வீட்டில் தமிழ், அதான் கன்னடம் வரவில்லை" என்றிருக்கிறார். இங்கிலீஷ் மிஸ்ஸும் அதையே சொன்னார். வீட்டில் ஆயாவோ, அதாவது பாட்டியோ, "இங்கிலீஷ் மீடியத்துல போட்டீங்க, அதான் தமிழ் ஏறல" என்றார். மூன்று மொழியும் ஒன்றின் தலையில் இன்னொன்று பழியைப் போட்டுக்கொண்டே இருக்க, அவள் பன்னிரண்டாவதையும் தாண்டி காலேஜுக்கே வந்துவிட்டாள். எதிரில் உட்காரவைத்து, ஆயா கற்றுக்கொடுத்த தமிழில் 'கொடி' என்று எழுதச் சொன்னேன். பேனா நின்றது. வாயில் பின்னால் வருகிற ஒலிக்குக் கையில் முன்னால் கொம்பு போட வேண்டும், அப்புறம் ஒரு காலும் போட வேண்டும். காலைப் போட்டாள், கொம்பை விட்டுவிட்டாள். கொடி காடியாகிவிட்டது. அதை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று தெரியும். சோதனைக்கு அனுப்பினேன். திரும்பி வந்து அழுதாள். இங்கே பயன்படுத்தும் நிமான்ஸ் சோதனைத் தொகுப்பு பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது. "சின்னப் பசங்க பாடத்தைப் படிக்கச் சொன்னாங்க மேடம். அதையும் தப்பாத்தான் படிச்சேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது போன்தான். நோட்ஸைச் சத்தமாகப் படித்துக் காட்டச் செய்தால், காதால் கேட்டு எங்கள் யாரையும்விட வேகமாகப் பிடித்துக்கொள்வாள். ஆனால் பேராசிரியர்கள் அனுப்புவது கோணல்மாணலாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப். போனுக்கு அது வெறும் படம், ஒழுங்காகப் படிக்காது. ஒரு சார் மட்டும் சொன்னவுடன் வேர்டு ஃபைலாகவே அனுப்பினார். மற்றவர்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பையனுக்குச் சான்றிதழ் வந்தது, பரீட்சையும் வந்தது. மணிக்கு 20 நிமிஷம் கூடுதல், மூன்று மணி பேப்பருக்கு நாலு மணி நேரம். ஒரு பேராசிரியர் சலித்துக்கொண்டார்: "இப்படிக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்." 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே, 40 சதவீதக் குறைபாடு என்ற அளவை எட்டாதவருக்கும் எழுத ஆள் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் கூடுதல் நேரம் கிடைத்த முதல் பரீட்சையில் அவன் போன தடவையைவிடக் குறைவாகத்தான் எழுதினான். நாலு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஃபேனைப் பார்த்திருக்கிறான். அடுத்த பேப்பருக்குத் தனி அறை, நடுவில் இரண்டு முறை எழுந்து நடக்க அனுமதி, "அடுத்த கேள்வி" என்று மெதுவாகச் சொல்ல ஒரு கண்காணிப்பாளர். மூன்றரை மணி நேரத்தில் எழுந்துவிட்டான். எல்லாக் கேள்விக்கும் ஏதோ எழுதியிருந்தான்.

ஃபைல் மூடும் விதியை எடுத்துவிட்டேன். வாசல் பெஞ்சில் கூட்டம் கூடிவிட்டது, அது உண்மை. போன மாதம் அவனைப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தேன், வியாழக்கிழமை வந்து நின்றான். "சாரி மேடம், இன்னிக்குப் புதன்னு நெனச்சேன்." கையில் அந்த பிளாஸ்டிக் கவர் இருந்தது. பெஞ்சில் அவனுக்கு முன்னால் இரண்டு பேர். உட்காரச் சொன்னேன்.