1064இலிருந்து 1480க்கு: ராமன் ஃபைபர் லேசர் கணக்கில் மார்க் போகும் இடங்கள்

1064 நானோமீட்டர் பம்ப் ஒளியை (லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஒளி) கண்ணாடி இழைக்குள் ராமன் சிதறலால், அதாவது பொருளின் அதிர்வுக்கு ஆற்றலை விட்டுக்கொடுத்து ஒளி நீண்ட அலைநீளத்துக்கு மாறுவதால், படிப்படியாக 1480க்கு நகர்த்தும் கணக்கு ஃபோட்டானிக்ஸ் தாளில் வந்தால் முதல் வேலையாக அலைநீளத்தை அதிர்வெண்ணாக மாற்றுங்கள். திரும்ப நானோமீட்டருக்கு வருவது கடைசி வரியில் போதும்.

சிலிக்கா இழையில் ராமன் ஆதாயத்தின் உச்சம் பம்பிலிருந்து 13.2 டெராஹெர்ட்ஸ் கீழே இருக்கிறது. 1064 நானோமீட்டர் என்பது 281.76 டெராஹெர்ட்ஸ். 13.2 போக மிச்சம் 268.56, அதாவது 1116 நானோமீட்டர். இதுவரை யாரும் தவறுவதில்லை. ‘ஒரு படிக்கு 52’ என்று மனதில் வைத்து, ஆறு படிக்கு 312 கூட்டி 1376 என்று எழுதும்போதுதான் வழுக்குகிறது. மாறாதது அதிர்வெண் இடைவெளி மட்டுமே. ஆறு படிக்கு 79.2 கழித்தால் 202.56, விடை 1480. கடைசிப் படி மட்டுமே 90 நானோமீட்டர் தாண்டும். ஒளிவேகத்துக்கு 3 லட்சம் போட்டாலும் சரி, 2,99,792 போட்டாலும் சரி, பாதியில் மாற்றாதீர்கள்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அடுத்த கேள்வி பெரும்பாலும் இது: ஆறு படி எதற்கு, குறைக்க முடியாதா? முடியும். பாஸ்பரஸ் கலந்த பாஸ்போசிலிகேட் இழையில் பெயர்ச்சி 39.9 டெராஹெர்ட்ஸ். 1064, 1240, 1484 என்று இரண்டே தாவல். கிரேட்டிங் (இழைக்குள் குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பும் ஆடி) ஜோடிகள் குறைகின்றன. ஸ்ப்ளைஸ் (இழை ஒட்டு) இழப்பும் குறைகிறது. சிலிக்கா வழியில் ஐந்தாம் படி 1390இல் விழுவதையும் சொல்லுங்கள். 1383ஐ ஒட்டிய ஹைட்ராக்சில் உறிஞ்சல் அங்கேதான் இருக்கிறது.

படம் வரையும்போது இடைப்பட்ட அலைநீளங்களுக்கு இரு முனையிலும் உயர் பிரதிபலிப்பு கிரேட்டிங் போடுங்கள். ஒளியில் ஒரு பகுதியை வெளியே விடும் கிரேட்டிங் 1480க்கு மட்டும்தான். எல்லாவற்றுக்கும் அப்படிப் போட்டால் இடைப்படி ஒளி கசிந்துவிடும். அடுத்த படிக்குப் பம்ப் மிஞ்சாது.

வாசல் திறனுக்கு, அதாவது சிதறல் வேகமாகப் பெருகத் தேவையான பம்ப் திறனுக்கு, வருவோம். ராமனுக்குச் சூத்திரம்: 16 × பயனுறு பரப்பு ÷ (ஆதாயக் குணகம் × பயனுறு நீளம்). பரப்பு 30 சதுர மைக்ரோமீட்டர், குணகம் 10⁻¹³ மீட்டர்/வாட், இழை 1 கிலோமீட்டர், இழப்பு 1.5 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். டெசிபலை 4.343ஆல் வகுக்காமல் நேரே அடுக்கில் போடுவது வழக்கமான பிழை. வகுத்தால் 0.345, பயனுறு நீளம் (1 − e^(−0.345)) ÷ 0.345 கிலோமீட்டர், அதாவது 845 மீட்டர், வாசல் சுமார் 5.7 வாட். முனைவாக்கம் (ஒளி அதிரும் திசை) கலைந்த பம்ப் என்றால் இரட்டிப்பாக்குங்கள்.

இதோடு நிறுத்தினால் பாதி விடைதான். பிரில்லுவான் சிதறல் (இழையின் ஒலி அலைகளால் ஒளி பின்னோக்கித் திரும்புவது) முந்திக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன் குணகம் 5 × 10⁻¹¹, சூத்திரத்தில் 16க்குப் பதில் முன்னெண் 21. அதே இழையில் வாசல் 15 மில்லிவாட்! ஒற்றை அதிர்வெண் பம்பைச் செலுத்தினால் ராமன் தலைகாட்டும் முன்பே ஒளி பின்னால் திரும்பி, பம்ப் லேசரையே கெடுத்துவிடலாம். தப்பிக்க வழி, பம்பின் அகலம். 0.5 நானோமீட்டர் அகலம் ஏறக்குறைய 132 கிகாஹெர்ட்ஸ். பிரில்லுவான் அகலம் 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் வாசல் 2,600 மடங்கு உயர்ந்து 39 வாட்டுக்குப் போகும். இப்போது ராமன் முந்தும். இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதிவிட்டால் வரலாற்றுப் பத்தி தேவையில்லை. ராமன் 1928இல் கண்டதை இழைக்குள் லேசராக ஸ்டோலனும் இப்பனும் 1972இல் காட்டினார்கள் என்ற ஒரு வாக்கியம் போதும்.

நான்கலை கலப்பிலும் (இரண்டு பம்ப் ஃபோட்டான்கள் சேர்ந்து ஒரு சிக்னல், ஒரு ஐட்லர் ஃபோட்டான்களாக மாறுவது) நானோமீட்டரை நேரே கூட்டிக் கழிக்கும் இதே பொறிதான். 1064 பம்ப், 800 சிக்னல் என்றால் ஐட்லர் 1328 அல்ல, 1588. பம்ப் அலைநீளத்தின் தலைகீழியை இரட்டித்து, அதிலிருந்து சிக்னலின் தலைகீழியைக் கழியுங்கள்.

ஆய்வகப் பதிவேட்டில் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் டெசிபல் திரையைப் பார்த்து உச்சங்களை ஒப்பிட்டு மாற்றுத்திறன் (பம்ப் திறனில் எத்தனை சதவீதம் புதிய அலைநீளத்துக்கு மாறியது என்பது) எழுதாதீர்கள். ஸ்டோக்ஸ் கோடு (ராமன் சிதறலில் பிறந்த நீண்ட அலைநீள ஒளி) பம்பைவிட அகலமாக இருக்கும். நேர் அளவுக்கு மாற்றி, பரப்பைக் கூட்டுங்கள். 1064இலிருந்து 1480க்குக் குவாண்டம் வரம்பு (ஒரு பம்ப் ஃபோட்டானுக்கு ஒரு ஃபோட்டான், 1064 ÷ 1480) 72 சதவீதம். அதற்கு மேல் வந்தால் பவர் மீட்டரில் அலைநீளம் இன்னும் 1064இலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.