தூங்கும்போது எண்ணுங்கள்

காட்பாடியில் நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்க்க வருவதற்கு முன்னால் நான் அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் மாடும் ஆடும் பார்த்துக்கொண்டிருந்தவள். அங்கே தீராத நோய் என்றால் பேச்சு நீளாது. மடி கெட்டுப்போன மாடு ஒரு செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போய்விடும். நாலு மாட்டை வைத்துப் பிழைக்கிற குடும்பத்துக்கு வேறு வழி இல்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் குணமாகாது என்று தெரிந்த ஓர் உயிரை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அந்த வேலையில் நான் கற்கவில்லை. அதைக் கற்றது ராணி என்ற 13 வயது பொமரேனியனிடமும், அதை வளர்த்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரிடமும்தான்.

ராணிக்கு மடியில் கட்டி. சின்னதாக இருந்தபோதே வீட்டில் பார்த்திருக்கிறார்கள், பால் கட்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது பின்மடியில் இரண்டு கட்டிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, மேல்தோல் உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். மடிப் புற்று முதலில் போய் உட்காரும் இடங்களில் ஒன்று நுரையீரல். அங்கே போய்விட்டால் மடியை வெட்டி எடுத்தும் பெரிய பயன் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லியாக வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடத்தில் இருப்பது இதுதான். வருகிற கட்டிகளில் ஏறக்குறைய பாதி கெட்ட கட்டி. முதல் பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் இந்த நோய் வருவது மிக மிக அரிது. பருவம் தள்ளத் தள்ள அந்தப் பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். "ஒரு ஈத்தாவது போடட்டும் டாக்டர், இல்லாட்டி பாவம்" என்று தடுப்பூசிக்குக் குட்டியைக் கொண்டுவருகிறவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். ஒரு முறை குட்டி போடுவதால் நாய்க்கு உடம்பில் எந்த நன்மையும் கிடையாது.

பெரியவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னா டாக்டரம்மா, ஊர் ஊரா கேன்சருக்கு இங்கதான் வராங்க. நம்ம பாப்பாவுக்கு மட்டும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். வேலூர்க்காரர் யாருக்கும் வரக்கூடிய கேள்விதான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, புற்றுநோய்க்கு மருந்து நம் தெருமுனையிலேயே இருக்கிறது என்ற நினைப்பு இங்கே எல்லோருக்கும் உண்டு. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, கூட்டிப் போகலாம் என்று சொன்னேன். நுரையீரல் வரை பரவிய நிலையில் அங்கே என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். நாய்க்குப் புற்று என்றாலே கைவிட வேண்டியதில்லை. தெரு நாய்களின் பிறப்புறுப்பில் வரும் தொற்றுப் புற்றுக்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று சில வாரம் போட்டால் பெரும்பாலும் முழுதாகவே குணமாகிவிடும். ராணியுடையது அந்த வகை இல்லை. பெரியவர் யோசித்து, "அலைய வைக்க வேணாம், வூட்லயே இருக்கட்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

சரி, வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானபின் என்ன செய்வது? வலி மாத்திரை எழுதிக்கொடுத்தேன். நமக்கு வாங்கி வைத்த புரூஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்கவே கூடாது, குடல் புண்ணாகும், சிறுநீரகம் போய்விடும் என்று அவர் மனைவியிடமும் தனியாகச் சொன்னேன். நரம்பு வலிக்கான கபாபென்டினை மருந்துக் கடையில் சிரப்பாக நீட்டினால் வாங்க வேண்டாம் என்றேன். சில சிரப்புகளில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம். கேப்ஸ்யூலைப் பிரித்துத் தயிர்சாதத்தில் கலந்துவிட்டால் போதும்.

கஷ்டமான வேலை புண்தான். வேலூர் வெயிலுக்கும் ஈக்கும் உடைந்த கட்டி ஒரு நாள் திறந்து கிடந்தால் புழு வைத்துவிடும். பெரியவர் தன்னுடைய பழைய கைவைத்த பனியனை எடுத்து, முன்னங்கால் இரண்டையும் கை வழியாக விட்டு, வயிற்றுக்குக் கீழே இழுத்து, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டார். உள்ளே உப்புத் தண்ணீரில் கழுவின புண், அதன் மேல் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, ஒட்டாத துணி. மனிதர்களுக்கு வலிதணிப்பு மருத்துவத்தில் புண் நாற்றத்துக்குச் செய்கிற அதே வைத்தியம். நாற்றம் குறைந்ததும் ராணி மறுபடி கூடத்துக்கு வந்து எல்லோரோடும் படுத்துக்கொண்டது. அதற்கு முன் அதைப் பின்கட்டில் விட்டிருந்தார்கள். நான் கொடுத்த மருந்துகளிலேயே அதன் வாழ்க்கையை அதிகம் மாற்றியது அந்தப் பொடிதான் என்று நினைக்கிறேன்.

வலியைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். "கத்தவே இல்லையே டாக்டர்." வயதான நாய் கத்தாது. படுக்கிற இடத்தை மாற்றும், படுப்பதற்கு முன் இரண்டு மூன்று தரம் சுற்றிச் சுற்றி நிற்கும், ராத்திரி உட்கார்ந்தே இருக்கும். மூச்சு இரைப்பதைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் நம் ஊரில் அதுவும் முடியாது. கத்திரி வெயிலில் நல்ல நாயே நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும். அதனால்தான் தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்வேன். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், அசந்து தூங்கும்போது நெஞ்சு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் கவலை இல்லை. நாளுக்கு நாள் அதைத் தாண்டி ஏறினால் எனக்குப் போன் செய்ய வேண்டும்.

பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் எண்ணை எழுதி, கிளிப்பில் கோர்த்து வைத்தார். "ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதின கை, டாக்டரம்மா" என்றார். 22, 24, 22 என்று பொங்கலுக்குப் பிறகு தொடங்கிய தாள்கள். பங்குனியில் 30-ஐத் தொட்டது. எண்ணுக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னதாக எழுதியிருந்தார். 'முட்டை தின்றாள்.' 'பால்காரரைப் பார்த்து வாசல் வரை போனாள்.'

அமெரிக்காவின் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் தீராத நோயோடு இருக்கும் உயிர் எப்படி வாழ்கிறது என்று பார்க்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் வந்தால் தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் நம்பமாட்டேன். மூச்சு முட்டுகிற நாய் முட்டை தின்னும், வாலாட்டும், 35-ம் வாங்கிவிடும். வில்லலோபோஸும் மூச்சுத்திணறலைத்தான் வலியில் முதலாவதாக வைக்கிறார்.

சித்திரையில் பெங்களூரிலிருந்து மகள் வந்தார். ராணி எழுந்துபோய் வாலாட்டியது. "நல்லாத்தானே இருக்கா, ஏன்பா ஊசி போட்டுத் தூங்க வைக்கணும்ங்கறீங்க?" என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை, கிளிப்போடு தாள்களை எடுத்துக் கொடுத்தார். 36, 42, 44, 52. கடைசித் தாள்களில் 'படுக்கவில்லை. உட்கார்ந்தே தூங்கினாள்' என்று இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் வீட்டுக்கே போனேன். முதலில் மயங்க ஓர் ஊசி, அப்புறம் முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்து, அளவு கூட்டி. கண் மூடாது, இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், அது வலி இல்லை என்று முன்கூட்டியே சொன்னேன். சொல்லாமல் விட்டால் வீட்டார் அந்த அசைவைத்தான் காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்கள். தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டச் சொன்னேன். மருந்து ஏறிய உடம்பு, வேறு நாய் கிளறித் தின்றால் அதற்கும் ஆபத்து.

இன்னும் ஒரு வாரம் வைத்திருந்திருக்கலாமே என்று மகள் கேட்டார். வைத்திருந்திருக்கலாம், அந்த ஒரு வாரமும் அவள் உட்கார்ந்தேதான் இருந்திருப்பாள் என்றேன். இப்போதும் எப்போதாவது போன் செய்து அதையே கேட்கிறார். நானும் அதையேதான் சொல்கிறேன்.