இரண்டாவது ஃபெரோசிமெண்ட் தொட்டி: கருங்கம்பியை விலக்கிய பிறகு

மழைநீர் பிடிப்பதற்காக, கம்பிவலையின் மேல் சிமெண்ட் கலவை பூசும் ஃபெரோசிமெண்ட் முறையில் சென்ற ஆண்டு நான் கட்டிய முதல் தொட்டி, தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாளே வெளிச்சுவரில் ஈரக்கோடுகளைக் காட்டியது. உள்ளே நிறுத்தியிருந்த 6 மி.மீ. கருங்கம்பிகளைப் படியெடுத்ததுபோல, 15 செ.மீ.க்கு ஒன்றாக அந்தக் கோடுகள் நேராக இறங்கின. கலவையை அழுத்திப் பூசாததே காரணம் என்று கொத்தனார் சொன்னார். நானும் பல மாதங்கள் அதையே நம்பினேன். பிறகு ஓரிடத்தில் உளியால் கொத்திப் பார்த்தபோது, கம்பி பதிந்திருந்த தடம் முழுவதும் ஊசியால் குத்தியதுபோல நுண்துளைகள் நிறைந்திருந்தன. கோழிவலை ஓடிய இடத்திலோ கலவை கெட்டியாகவே இருந்தது. பூச்சில் குறை இருந்திருந்தால் அது கம்பியை மட்டும் தேடிப் போயிருக்காது.

காரணத்தைக் கண்டறிய, மூன்று கண்ணாடித் தம்ளர்களில் சிமெண்டைக் கரைத்துத் தெளியவைத்த நீரை ஊற்றினேன். ஒன்றில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கோழிவலைத் துண்டு, இன்னொன்றில் பூச்சில்லாத கருங்கம்பி, மூன்றாவதில் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துண்டு. கருங்கம்பி தனியாகக் கிடந்தபோது ஒன்றும் நிகழவில்லை. வலை மட்டும் கிடந்த தம்ளரில் சில மணி நேரம் பொடிக்குமிழிகள் தோன்றி, பின்பு அடங்கி, கம்பியின் பளபளப்பு மங்கி வெண்மை படர்ந்தது. துத்தநாகமும் சுண்ணாம்பும் சேர்ந்து தாமே உண்டாக்கிக்கொள்ளும் காப்புப் படலம் அது. மூன்றாவது தம்ளரில்தான் விடை இருந்தது: கரைந்தது வலையின் துத்தநாகம், குமிழி கிளம்பியதோ கருங்கம்பியின் மேல். விடியும்வரை அந்தக் கம்பி நெடுகக் குமிழிகள் கோத்த மணிபோல ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டபடி காரநீரில் கிடந்தால் ஒரு மின்கலம் உருவாகிறது; அதில் பிறக்கும் ஹைட்ரஜன், கலவை இறுகுவதற்கு முன்பே கம்பியைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்கிறது.

இதற்குப் பழைய நூல்கள் சொல்லும் மருந்து, கலவை நீரில் 10 லட்சத்துக்கு 300 பங்கு என்ற அளவில் குரோமியம் ட்ரைஆக்சைடு கலப்பது. அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள், தோலையும் அரிக்கும். தண்ணீர் பிடிக்கும் தொட்டியில் வெறுங்கையால் பூசும் கலவையில் அதைச் சேர்க்க எனக்குத் துளியும் மனமில்லை. துத்தநாகப் பூச்சையே கைவிடவும் முடியாது, ஏனெனில் 0.7 மி.மீ. தடிமனுள்ள கோழிவலைக் கம்பிக்கு மேல் நாம் விடும் கலவைப் பூச்சு 4 மி.மீ.தான், கருவலை அதற்குள் நெடுநாள் துருப்பிடிக்காமல் தாக்குப்பிடிக்காது. ஆகவே இம்முறை கருங்கம்பியை அறவே விலக்கி, 3 மி.மீ. கம்பியில் 50 மி.மீ. கட்டமுள்ள ஜி.ஐ. வெல்டு மெஷை (குறுக்கும் நெடுக்குமான கம்பிகளைப் பற்றவைத்த வலை) எலும்புக்கூடாக நிறுத்தி, உள்ளும் புறமும் இரண்டிரண்டு அடுக்குக் கோழிவலை சுற்றினேன்.

வெல்டு மெஷ் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சிட்ட கம்பியைப் பிறகு பற்றவைத்திருந்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் துத்தநாகம் எரிந்து கருத்திருக்கும். பற்றவைத்த பின் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த வலையில் சந்திப்பு மூடி, சற்றுத் தடித்து வெள்ளி நிறத்தில் இருக்கும். முதலில் போன கடையில் இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தார்கள். விலை கூடினாலும் வேறு கடையில் முக்கியெடுத்ததையே வாங்கினேன்.

நான் மிகவும் பாடுபட்டது முடிச்சுகளில்தான். கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கட்டுக்கம்பியும் பூச்சில்லாத இரும்பு என்பதால், 320 முடிச்சுகளையும் 22 கேஜ் ஜி.ஐ. கம்பியால் போட்டேன். அது கட்டுக்கம்பிபோல இளகாது. கொக்கியால் மூன்று சுற்றுச் சுற்றினால் முறுக்கின் அடியிலேயே பட்டென்று அறுந்துவிடுகிறது. மூக்குக் கொறடால் முனையை இழுத்துப் பிடித்தபடி, ஒன்றரைச் சுற்றோடு நிறுத்தி, நுனியை வலைக்குள் மடக்கிவிட வேண்டும். மடக்காத நுனி பூச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதல் நாள் முழுவதும் உழைத்தும் 70 முடிச்சைத் தாண்டவில்லை. கை பழகிய பின் எல்லாவற்றையும் முடிக்க மேலும் இரண்டு நாள் ஆனது.

தொட்டியின் உள்விட்டமும் உள்ளுயரமும் ஒரு மீட்டர், சுவர் 25 மி.மீ.; வாய்வரை நிரப்பினால் சுமார் 785 லிட்டர் கொள்ளும். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு பி சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்), 10 கிலோ சிமெண்டுக்கு 4 லிட்டர் தண்ணீர். உட்புறம் பலகையை ஒருவர் தாங்கிப் பிடிக்க, வெளியிலிருந்து கலவையை வலைக்குள் விரலால் திணித்த பிறகே கரண்டியை எடுத்தேன். இறுகிய பின் உதிரியாகப் பூசிவைத்த மாதிரிப் பலகையை உடைத்துப் பார்த்தேன், 3 மி.மீ. கம்பியின் தடம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. ஓராண்டாக நான் பார்க்க ஏங்கிய தடம் அது.

மூடிக்கும் மிஞ்சிய வலையே போதும். நடுவில் 10 செ.மீ. உயர்ந்த கவிகையாகச் செய்வதற்காக அதை வட்டமாக வெட்டியும் வைத்துவிட்டேன். ஆனால் பூசி இன்று ஐந்தாம் நாள்தான். ஈரச்சாக்கு இன்னும் சுவரைச் சுற்றியிருக்கிறது. பதினான்காம் நாள் உட்புறம் இரண்டு முறை சிமெண்ட் பால் அடித்து, அது காய்ந்த பின் ஒரு நாளைக்குக் கால் தொட்டி வீதம் நீர் ஏற்றப் போகிறேன். செங்குத்துக் கம்பிகள் நிற்கும் இடங்களை மேல்விளிம்பில் பெயிண்டால் இப்போதே குறித்துவிட்டேன்; ஈரம் கசிந்தால் முதலில் அந்தக் கோடுகளுக்கு நேர் கீழேதான் பார்ப்பேன்.