வெளியே விழாத காலி உறை: ஐந்து சனிக்கிழமைக் கணக்கு

முதல் சனிக்கிழமை. கிளப்பில் ஸ்கீட் பழக்கம், அதாவது பறக்கும் களிமண் வட்டுகளைச் சுடுவது. 25 தோட்டாவில் 6 முறை காலி உறை துப்பாக்கியில் மாட்டிக்கொண்டது. அடுத்த 25இல் 5. வட்டு உடைந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் கண் துப்பாக்கியின் வலது பக்கம் போய்விடும். அங்கே காலி உறை வெளியே பறக்காமல், போல்ட் (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் இரும்புத் துண்டு) அதைக் கவ்விப் பிடித்திருக்க, புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். ஸ்கீட்டில் இரண்டு வட்டு சேர்ந்து வரும் நிலைகளில் இரண்டாவதற்கு வணக்கம் சொல்லி அனுப்பிவைக்க வேண்டியதுதான்.

என் துப்பாக்கி 12 போர் செமி ஆட்டோமேட்டிக். கேஸில், அதாவது வெடிமருந்துப் புகையின் அழுத்தத்தில், ஓடுவது. பேரலில் (குழலில்) சின்னத் துளைகள் இருக்கும். சுடும்போது வெடிமருந்துப் புகையில் ஒரு பங்கு அதன் வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைப் பின்னால் தள்ளும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்து இழுத்துவரும். பின்னால் வந்ததும் எஜெக்டர் என்னும் முட்டு மறுபக்கத்தில் இடிக்க, உறை வலப்பக்கம் பறக்கும். இந்த வரிசையில் எது சோம்பினாலும் கடைசியில் தெரிவது ஒன்றுதான்: உறை வெளியே விழாது.

கிளப்பில் பெரும்பாலோர் வைத்திருப்பது இரட்டைக் குழல். திறந்தால் உறை கையில் வந்துவிடும். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நான் பொருட்படுத்துவதில்லை என்று எழுத ஆசை. உண்மையில் காது சூடாகிவிடும்.

முதலில் தோட்டாவைத்தான் திட்டினேன். இரண்டாம் சனிக்கிழமை இரண்டு வகை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். 24 கிராம் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகள்) உள்ளதில் 25க்கு 5 மாட்டியது. 28 கிராமில் ஒன்றே ஒன்று. சர்வதேசப் போட்டி விதி 24.5 கிராமுக்கு மேல் ரவையை அனுமதிப்பதில்லை. நான் போட்டிக்குப் போகிற ஆள் இல்லைதான், ஆனாலும் அதே தோட்டாவில்தான் பழக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். 28க்கு மாறிவிட்டால் வேலை முடிந்தது என்று ஒருவர் சொன்னார். அது நோயை விட்டுவிட்டு மருந்தின் அளவைக் கூட்டுகிற கதை. கனமான தோட்டாவில் ஓடி, லேசான தோட்டாவில் திணறுகிறது என்றால், போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை. எங்கோ உரசல், இல்லையென்றால் கேஸ் குறைகிறது.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். உறை சேம்பரிலேயே (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) தங்கிவிட்டால் சந்தேகம் எக்ஸ்ட்ராக்டர் மேல், அல்லது அழுக்குச் சேம்பர் மேல். என்னுடையது ஒவ்வொரு முறையும் சேம்பரை விட்டு வந்த பிறகுதான் மாட்டியது. மாட்டிய உறைகளின் பித்தளை விளிம்பை நோட்டில் படமாக வரைந்துகொண்டேன். கொக்கி பிடித்த தடம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், சுத்தமாக இருந்தது. கொக்கி நழுவவில்லை. உறையையே வீட்டுக்கு எடுத்துவந்து பார்க்கலாமே என்று கேட்காதீர்கள். ராணுவத்தில் சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று "என்னிடம் தோட்டா இல்லை, காலி உறை இல்லை" என்று உரக்கச் சொன்ன பழக்கம் தொண்ணூறுகளிலிருந்து என் உடம்பில் ஊறியிருக்கிறது. பையில் ஒரு காலி உறை இருந்தால்கூட எனக்குத் தூக்கம் வராது.

துப்பாக்கியும் அப்படித்தான். ஆயுதக் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக் கழற்றிப் பார்க்கிற சுகமெல்லாம் சிங்கப்பூரில் கிடையாது. அதனால்தான் ஒரு மணி நேர வேலைக்கு ஐந்து வாரம்.

மூன்றாம் சனிக்கிழமை முன்பிடியைக் கழற்றினேன். பிஸ்டன் கறுத்துக் கிடந்தது. கரைப்பானில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, கேஸ் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்தேன். பிஸ்டனை உலர்வாகத்தான் திரும்ப மாட்டினேன். அங்கே எண்ணெய் இருந்தால் கரி அதோடு சேர்ந்து குழம்பாகிவிடும். 24 கிராமில் 25க்கு 3. மறுபடியும் 3. குறைந்தது, ஆனால் அடுத்தது என்ன என்று தெரியவில்லை.

நடுவில் ஒருமுறை சத்தம் "புஸ்" என்று மெலிந்து வந்தது. அடுத்த தோட்டாவைப் போடாமல் நிறுத்தி, கையை உயர்த்தி, ரேஞ்ச் ஆபீசர் வந்த பிறகு தோட்டாவை எடுத்துவிட்டு பேரலைப் பார்த்தோம். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பு உள்ளே தங்கியிருந்தால் அடுத்த வெடியில் பேரலே கிழிந்துவிடும். அன்று ஒன்றும் இல்லை. இதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்காம் சனிக்கிழமை மழை. சுவா சூ காங் பக்கம் மின்னல் வந்தால் சுடுவது நின்றுவிடும். கோப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு அண்ணன். அறுபது தாண்டியவர், அதே மாடல் வைத்திருக்கிறார். மேற்பார்வையாளரிடம் கேட்டு, தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் சரிபார்த்த பிறகு, இரண்டு துப்பாக்கியையும் மேசையில் வைத்தோம். அவருடைய போல்ட்டைப் பின்னால் இழுத்து விட்டார். டக். என்னுடையதை இழுத்து விட்டார். ஸ்ஸ்ஸ்க். மூடுவதற்கு அதற்கு மனமே இல்லை.

"தம்பி, எவ்வளவு எண்ணெய் ஊத்துற?"

"கொஞ்சம்தான் அண்ணே. துரு பிடிக்கக் கூடாதுன்னு..."

அவர் கட்டையின், அதாவது தோளில் அணைக்கும் மரப் பகுதியின், தலைப்பகுதியை முகர்ந்து பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார். மரம் உலோகத்தோடு சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. இத்தனை நாள் அதை மரத்தின் இயற்கை நிறம் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஊர்க் காற்றில் துருவுக்குப் பயந்து ஒவ்வொரு வாரமும் தாராளமாக எண்ணெய் விட்டவன் நானேதான். கிடங்கில் துப்பாக்கி குழல் மேலே பார்த்தபடி நிற்கும். எண்ணெய் ஆறு நாள் சொட்டுச் சொட்டாக இறங்கிப் போய்ச் சேரும் இடம், கட்டைக்குள் இருக்கும் குழாய், போல்ட்டைத் திரும்ப மூடும் ஸ்பிரிங் அதில்தான். அங்கே தூசியோடும் கரியோடும் சேர்ந்து கெட்டியாகிறது. போல்ட் பின்னால் போகும்போதும் அதைத் தள்ள வேண்டும், திரும்பும்போதும் அதற்குள் நீந்த வேண்டும். 28 கிராம் தோட்டாவுக்குத் தள்ளும் பலம் இருந்தது. 24க்கு இல்லை.

கட்டையைக் கழற்றும் வேலை துப்பாக்கி பழுதுபார்ப்பவருடையது. அவர் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். ஸ்பிரிங்கை உருவியதும் கூடவே வந்தது, சாமி விளக்கின் அடியில் மாசக்கணக்கில் படிந்து, நகத்தால் சுரண்டினாலும் வராத அந்தப் பிசுக்கு மாதிரி ஒன்று. நல்லெண்ணெய் வாசம் மட்டும்தான் இல்லை. குழாயைத் துணி வெளுப்பாக வரும்வரை துடைத்தார், ஸ்பிரிங்கைக் கழுவி, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவி, அவ்வளவுதான் என்றார்.

"ஒரு குழாய் அடைச்சதுக்கா ஐந்து வாரம்?" இது வீட்டில்.

ஐந்தாம் சனிக்கிழமை, 24 கிராம், 75 தோட்டா. போல்ட் டக் என்று மூடுகிறது. உறைகள் வலப்பக்கம் ஒரே இடத்தில் குவிந்தன. முன்பு ஒன்று காலடியில், ஒன்று தூரத்தில் என்று சிதறும். மாட்டியது ஒன்றே ஒன்று, 61ஆவது. ஆனால் அது புகைபோக்கியாக நிற்கவில்லை. சேம்பரிலேயே தங்கிவிட்டது. விளிம்பில் கொக்கித் தடம் நழுவிக் கீறியிருந்தது. அதையும் நோட்டில் வரைந்திருக்கிறேன்.

எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் சொல்லி வைத்திருக்கிறேன். வர மூன்று வாரம் ஆகுமாம்.