மெம்பிரேன் அடைக்கிறதா, முதலில் கசடைப் பாருங்கள்

பெரிய குடியிருப்புகளின் எஸ்டிபி-யில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், கசடைக் கெட்டியாக்கவும் சில இடங்களில் மெம்பிரேன் (நுண்துளை வடிகட்டிச் சவ்வு) போடுகிறார்கள். யோசனை நல்லதுதான். வெளியே தள்ளும் கசடில் 99 சதவீதம் தண்ணீர். தொட்டிக்குள் தட்டை மெம்பிரேன்களை இறக்கி, அடியிலிருந்து ப்ளோயர் காற்றை விட்டுக்கொண்டே தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுத்து, 1 சதவீதத் திடப்பொருளை 3 சதவீதம் ஆக்கிவிட்டால் மூன்று லாரி கசடு ஒரு லாரியாகிவிடும். அதே காற்றில் கசடு செரிக்கவும் செய்யும். இப்படி ஒரே தொட்டியில் இரண்டு வேலை.

ஓடத் தொடங்கிக் கொஞ்ச நாளில் சக்ஷன் லைனில் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் வேக்குவம் கேஜ் முள் மெதுவாக ஏறும். ரொம்ப நாள் மெதுவாகவே ஏறும், அப்புறம் ஒரே நாளில் குபீரென்று எகிறும். காரணம் எளிது: கொஞ்சம் துளைகள் மூடிக்கொண்டதும் மிச்சமிருக்கும் துளைகள் அத்தனை தண்ணீரையும் சுமக்க வேண்டும், அங்கே இழுப்பு வேகம் கூடும், அதனால் அவையும் சீக்கிரம் மூடும். அந்த நேரத்தில் ஆபரேட்டரைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "சார், கசடு ரொம்பக் கெட்டியாயிடுச்சு."

பாதி உண்மை. கெட்டியானால் குழம்புத்தன்மை கூடுகிறது, காற்றுக்குமிழிகளால் தட்டுகளின் மேல் படிவதைச் சுரண்ட முடிவதில்லை, ஆக்சிஜன் கரைவதும் குறைகிறது. ஆனால் இரண்டு தொட்டிகளில் ஒரே அளவு திடப்பொருள் இருந்தும் ஒன்று நன்றாக இழுக்கும், இன்னொன்று மாதம் முழுக்க மல்லுக்கட்டும். அந்த வித்தியாசத்தை எம்எல்எஸ்எஸ் எண் (கசடில் மிதக்கும் திடப்பொருளின் அளவு) சொல்லாது. ஒரு வடிதாள் சொல்லிவிடும்.

தாளை மடித்துப் புனலில் வைத்து 50 மில்லி கசடை ஊற்றுங்கள். 5 நிமிடம் கழித்து எவ்வளவு வடிந்தது என்று பாருங்கள். சாதாரண எம்பிஆர் தொட்டிக் (கழிவுநீரைச் சுத்திகரித்து மெம்பிரேனில் வடிக்கும் தொட்டி) கசடு என்றால் 10 மில்லிக்கு மேல் வடிந்தால் கவலையில்லை, 5-க்குக் கீழே போனால் சிக்கல். கெட்டியாக்கும் தொட்டியில் அந்த எண்கள் அப்படியே பொருந்தாது, அதனால் உங்கள் தொட்டி நன்றாக ஓடும் நாட்களிலேயே அளந்து குறித்து வையுங்கள். வடியும் நீரின் நிறத்தையும் கவனியுங்கள். தெளிவாக இருந்தால் கசடு கட்டுக்கோப்பாக இருக்கிறது. பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் நுண்ணுயிரிகள் ஒட்டிச் சேர்ந்த கட்டி உடைந்து, நுண்துகளும் பிசுபிசுப்பும் தண்ணீரில் மிதக்கின்றன என்று அர்த்தம். மெம்பிரேனை அடைப்பது முக்கியமாக இதுதான்: நுண்ணுயிரிகள் தங்களைச் சுற்றிப் பூசி வைத்திருக்கும் புரதமும் சர்க்கரைப் பசையும்.

செரிக்கும் தொட்டியில் இந்தப் பசை அதிகம் வெளியே வருவதில் ஆச்சரியமில்லை. நாம்தான் நுண்ணுயிரிகளைப் பட்டினி போடுகிறோம். அவை செத்து உடைந்து, உள்ளே இருந்தது வெளியே வருகிறது. கூடவே அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடுகிறது, பிஹெச் 6-க்குக் கீழேகூட இறங்கிவிடலாம். ப்ளோயரைக் கொஞ்ச நேரம் ஓட்டி, கொஞ்ச நேரம் நிறுத்தினால், நிறுத்திய நேரத்தில் நைட்ரேட் போய்ப் பாதிக் காரத்தன்மை திரும்ப வரும். ஆனால் காற்று நின்றிருக்கும்போது சக்ஷன் பம்ப் கட்டாயம் நின்றிருக்க வேண்டும். காற்று நின்றால் பம்ப்பையும் நிறுத்தும் இந்த இன்டர்லாக்கைப் பைபாஸ் செய்துவிட்டு மெம்பிரேன் சரியில்லை என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் இன்னொரு விஷயம் உண்டு, அதை யாரும் சந்தேகிக்கவே மாட்டார்கள். போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருப்பதால் பல குடியிருப்புகளில் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் உண்டு. அதை உப்பு விட்டு ரீஜெனரேட் செய்த (புதுப்பித்த) உப்புத் தண்ணீரை நேராக எஸ்டிபி-க்குத் திருப்பிவிடுகிறார்கள். கசடுக் கட்டியைப் பிடித்து வைப்பது கால்சியமும் மெக்னீசியமும். சாஃப்ட்னர் போட்ட வீட்டுத் தண்ணீரில் அவை ஏற்கெனவே குறைவு, அதன்மேல் சோடியம் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், கட்டி கலகலத்துவிடும். ரீஜெனரேட் செய்த மறுநாள் வடிதாள் சோதனை செய்து பாருங்கள். அந்தத் தண்ணீரைத் தனியாகப் பிரித்துவிட்டாலே பாதி அடைப்பு குறையலாம்.

ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) விஷயத்துக்கு வருகிறேன். முள் ஏறினால் உடனே ஹைப்போ ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. பசையை ஹைப்போ கரைக்கும், உப்புப் படிவத்தைச் சிட்ரிக் அமிலம் கரைக்கும். இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும், ஆள் போய்விடும், எனவே நடுவே நல்ல தண்ணீர் விட்டு முழுதாகக் கழுவ வேண்டும். தட்டுகளுக்கு நடுவே சேறு இறுகிக் கிடந்தாலோ எந்த ரசாயனமும் உதவாது. தட்டை வெளியே தூக்கிக் குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலச வேண்டும். அங்கே அனேகமாகத் தலைமுடியும் நாரும் சிக்கியிருக்கும், முன்னாலிருக்கும் சல்லடையைப் பாருங்கள்.

எத்தனை கெட்டியாக்கலாம் என்று கேட்கிறார்கள். தட்டை மெம்பிரேனுக்கு நான் 3 சதவீதத்தோடு நிறுத்திவிடுவேன், அதுவும் சாதாரண எம்பிஆரில் இழுப்பதில் பாதிக்கும் குறைவான வேகத்தில். அதற்கு மேல் கசடைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் பார்த்துக்கொள்ளும். பிரஸ்ஸிலிருந்து வடியும் தண்ணீரை மட்டும் இதே தொட்டிக்குத் திருப்பாதீர்கள். கசடைத் திரட்டப் போட்டதில் மிச்சமிருக்கும் பாலிமர் மெம்பிரேன்மேல் ஒட்டிக்கொண்டால் ஹைப்போவுக்கும் லேசில் மசியாது.